அறிவிக்கப்படாத விபூதி

அனுப்புநர்:
சை. பிரேமகுமாரி,
க/பெ. சைமன்,
உரிமையாளர், பெபி லுங்கி ஏற்றுமதி நிறுவனம்,
கே.ஜி.கண்டிகை, திருத்தணி வட்டம்,
திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு உதவி ஆணையர் அவர்கள்,
திரும்பி வந்த சரக்குகள் பிரிவு,
துறைமுகச் சுங்க அலுவலகம்.

பொருள்: ஏற்றுமதியாகித் திரும்பி வந்த 4,800 லுங்கிகளும் அவற்றுடன் சென்று வந்த விபூதிப் பொட்டலங்களும் ஆறு மாதமாகத் தடுத்து வைக்கப்பட்டிருப்பது – பணியாளர் எல்லம்மாளை வேலையிலிருந்து நீக்கும்படி கேட்கப்பட்டிருப்பது – அவரை நீக்காமலேயே சரக்கை விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகம் எனக்கு அனுப்பிய பதினொரு நோட்டீஸ்கள்.
2. அவற்றில் முதல் பத்துக்கு நான் அனுப்பிய பத்து பதில்கள்.
3. பதில் எதுவும் வரவில்லை என்று தங்கள் அலுவலகம் அனுப்பிய நான்கு நினைவூட்டல்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுடைய பதினோராவது நோட்டீஸ் கிடைத்தது. வரும் 28.11.2025க்குள் எல்லம்மாள் என்பவரை வேலையிலிருந்து நீக்கியதற்கான உறுதிமொழிக் கடிதத்தைத் தராவிட்டால், என் சரக்கு முழுவதும் எரித்து அழிக்கப்படும் என்று அதில் கண்டிருக்கிறது. அதன் மீது கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். மனு சற்று நீளம். ஆனால் இதுவரை தாங்கள் கேட்டு நான் தந்த காகிதங்களோடு வைத்துப் பார்த்தால் இது ஒன்றும் பெரிதில்லை என்பதால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. பொதட்டூர்பேட்டையில் முப்பத்தொரு தறி வீடுகளிலிருந்து லுங்கி வாங்கி, கே.ஜி.கண்டிகையில் உள்ள எங்கள் கொட்டகையில் மடித்து, சீட்டு ஒட்டி, இருபது இருபதாகக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவது என் தொழில். பெபி என்பது எங்கள் மகளின் பெயர். கொட்டகையில் நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். என் கணவர் சைமன் வண்டி ஓட்டுகிறார். மற்ற நேரங்களில் எதுவும் பேசுவதில்லை. துறைமுகக் காகித வேலைகளை எழிலன் என்ற கிளியரிங் ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறார். இந்த வழக்கு தொடங்கியபோது அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது.

2. கடந்த 12.02.2025 அன்று 240 கட்டுகள் கப்பல் ஏறின. எந்த நாட்டுக்கு என்பது தங்கள் கோப்பில் இருக்கிறது. இரு நாடுகளின் நட்புக்கு என்னால் பங்கம் வர வேண்டாம் என்பதால் அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அதே நாகரிகம் கருதி, நான் ஏறி இறங்கிய மற்ற அலுவலகங்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

3. அந்த நாட்டுத் துறைமுகத்தில் கட்டுகளை ஊடுகதிர்க் கருவிக்குள் விட்டுப் பார்த்துப் பிரித்தபோது, ஒவ்வொன்றிலும் செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலமும் அதற்குள் வெள்ளைப் பொடியும் தெரிந்திருக்கின்றன. நாய்களை அழைத்து வந்தார்கள். நாய்கள் மோந்து பார்த்துவிட்டு அக்கறையில்லாமல் போய்விட்டன என்று அவர்களது அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். இந்த வழக்கில் உடனுக்குடன் முடிவெடுத்தவை அந்த நாய்கள் மட்டும்தான் என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

அதன்பின் பன்னிரண்டு பொட்டலங்களை எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். போதைப் பொருள் அல்ல, வெடிபொருள் அல்ல, சாம்பல் என்று முடிவு வந்தது. அதோடு விட்டிருந்தால் இந்த மனு இல்லை. சாம்பல் மாட்டுச் சாணத்திலிருந்து வந்தது என்பதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். மாட்டிலிருந்து வரும் எந்தப் பொருளும் மாட்டு மருத்துவரின் சான்று இல்லாமல் அந்த நாட்டுக்குள் நுழைய முடியாதாம். ஆகவே லுங்கியும் விபூதியும் ஒரே கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டு 19.05.2025 அன்று தங்கள் பொறுப்புக்கு வந்து சேர்ந்தன. அன்று முதல் சொந்த ஊர்ச் சரக்கை வெளிநாட்டுச் சரக்காக இறக்குமதி செய்துகொண்டிருக்கிறேன்.

4. பொட்டலங்களை வைத்தவர் எல்லம்மாள். எங்கள் கொட்டகையில் கட்டு கட்டும் மேசைக்குத் தலைமை அவர்தான். பதினொரு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் அனுப்பிய முதல் சரக்கு கடலில் நனைந்து வீணானது. அடுத்த சரக்கு போகும்போது அவர் திருத்தணி மலைக்கோயில் படிக்கட்டு ஓரக் கடையில் விபூதி வாங்கி, ஐந்தைந்து கிராமாக மடித்து, கட்டுக்கு ஒன்றாக வைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு கிருத்திகைக்கும் மலையேறி வாங்கி வருகிறார். என் காசில் அல்ல, அவர் காசில்.

இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் என் கண்ணில் பட்டது. எங்களுடையது மிஷன் காலத்திலிருந்தே சபையைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். ஏன் இதை வைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “வண்டி ஏறி, கப்பல் ஏறி, ஊரு பேரு தெரியாத எடத்துக்குப் போவுதும்மா. தொணைக்கு ஒருத்தரு போவட்டுமே.” இதற்கு மறுப்பு சொல்ல எனக்குத் தோன்றவில்லை. காரணம், ஒவ்வொரு சரக்கும் கிளம்பும்போது நானும் கட்டுகளின் மேல் கை வைத்து ஜெபம் செய்கிறேன். என் ஜெபமும் அந்த 240 கட்டுகளோடுதான் போனது. அதைக் கருவி காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

5. சரக்கு திரும்பி வந்ததும் தங்கள் அலுவலகத்தின் முதல் கேள்வி, லுங்கியோடு வந்த பொடி எந்த வகைப் பொருள் என்பது. விபூதி என்றேன். பட்டியலில் விபூதி இல்லை என்றார்கள். பட்டியலில் உள்ள ஏதாவது ஒன்றாக அது ஆக வேண்டும் என்றார்கள். அப்படி அது ஆனவை பின்வருமாறு.

முதலில் அது அழகுசாதனப் பொருள் ஆனது. நெற்றியில் பூசுவதால். அதற்குரிய படிவத்தில் நிறம், மணம், காலாவதி தேதி ஆகியவற்றைக் கேட்டிருந்தார்கள். எழிலன் முதல் இரண்டையும் எப்படியோ நிரப்பிவிட்டார். காலாவதி தேதி என்ற இடத்தில் கிடையாது என்று எழுதினார். காலாவதி ஆகாத பொருள் எதையும் ஏற்க வழியில்லை என்று படிவம் திரும்பி வந்தது.

அடுத்து அது தொழிற்சாலைச் சாம்பல் ஆனது. சாம்பலுக்கென்று தடையில்லாச் சான்று தரும் அலுவலகத்தில், நாள் ஒன்றுக்கு எத்தனை டன் வெளியேற்றுகிறீர்கள் என்று கேட்டார்கள். மொத்தமே ஒரு கிலோ இருநூறு கிராம்தான் என்றேன். டன்னில்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். கணக்குப் போட்டால் 0.0012 டன். கணினி புள்ளிக்குப் பிறகு இரண்டு எண்களைத்தான் வாங்குமாம். எனவே என் நிறுவனம் 0.00 டன் சாம்பல் வெளியேற்றுகிறது என்று முத்திரையுடன் சான்று கொடுத்தார்கள். மகிழ்ச்சியோடு அதைத் தங்களிடம் தந்தேன். சாம்பலே இல்லை என்று சான்று இருக்கும்போது பொட்டலத்தில் இருப்பது என்ன என்று விளக்கம் கேட்டு ஐந்தாவது நோட்டீஸ் வந்தது.

6. மூன்றாவதாக அது கால்நடைப் பொருள் ஆனது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

படிக்கட்டுக் கடைக்கு விபூதி தருபவர் திருவாலங்காட்டில் இருக்கும் முனியன் என்பவர். சாணத்தை உருட்டிக் காயவைத்து, நெல் உமியில் மூடிப் புடம் போட்டு, சலித்துக் கொடுக்கிறார். நானும் என் கணவரும் ஒரு மாட்டு மருத்துவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனோம். மாட்டின் உடல்நலத்துக்கு என்னால் சான்று தர முடியும், சாம்பலின் உடல்நலத்துக்குத் தர முடியாது, மாட்டைக் காட்டுங்கள் என்றார் மருத்துவர். நியாயம்தான். முனியனிடம் எந்த மாடு என்று கேட்டோம். “ரெண்டு மாடு இருந்துச்சிங்க. ரெண்டும்தான் போடுது. இது இன்னாருதுன்னு நான் இன்னா பேரு எழுதியா வெச்சிகினு இருக்கேன்?” என்றார்.

ஆக, இரண்டு மாடுகளுக்கும் சான்று தேவை. ஒன்று அங்கேயே கட்டியிருந்தது. மற்றொன்றை முனியன் போன தை மாதம் நகரிப் பக்கம் இருக்கும் தன் பாவாவுக்கு, அதாவது மைத்துனருக்கு, கொடுத்துவிட்டார். மாடு மாநில எல்லையைத் தாண்டிவிட்டபடியால் இந்த மருத்துவரின் அதிகாரம் அதன் மேல் செல்லாது. நகரிப் பக்கம் போய், அந்த ஊர் மருத்துவரைப் பிடித்து, சான்று வாங்கினோம். அது தெலுங்கில் இருந்தது. தமிழில் மொழிபெயர்த்துத் தரச் சொன்னார்கள். எங்கள் பகுதியில் தெலுங்கு தெரியாதவர் இல்லை. ஆனால் தெரியும் என்பதற்குச் சான்று உள்ளவர் ஒருவரும் இல்லை. தேடிப் பிடித்த மொழிபெயர்ப்பாளர், மாடு நலம், இரண்டு வேளையும் கறக்கிறது, குணத்தில் சாது என்று கையொப்பமிட்டுக் கொடுத்தார்.

அதைப் படித்த தங்கள் அலுவலகம், மாடு இப்போது நலம் என்பது தெரிகிறது, சாணம் போட்ட நாளில் நலமாக இருந்ததா என்று கேட்டது. ஐயா, அதற்கு மேல் நான் யாரிடம் போவேன். மாட்டிடம்தான் கேட்க வேண்டும். அது சாது என்பதற்கு மட்டும் என்னிடம் சான்று இருக்கிறது.

7. கடந்த 14.08.2025 அன்று தங்கள் முன் நேரில் ஆஜரானேன். தாங்கள் கண்ணியமாக நடத்தினீர்கள், தேநீர் தரச் சொன்னீர்கள், மறக்கவில்லை. அன்று சாட்சிப் பொருளாக 117ஆம் எண் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தார்கள். பிறகு கணக்கர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். கோப்பு கொண்டுவந்த பெண்மணி எடுத்துக்கொண்டார். வாசலில் நின்ற காவலர் உள்ளே வந்து எடுத்துக்கொண்டார். நான்காவதாக எடுத்தவர் யார் என்பதை மரியாதை கருதி எழுதவில்லை. ஆனால் அன்று நான் விடைபெறும்போது தங்கள் நெற்றி நிறைவாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து எட்டாவது நோட்டீஸ் வந்தது. 117ஆம் எண் பொட்டலம் ஐந்து கிராமுக்குப் பதில் மூன்று கிராம்தான் இருப்பதாகவும், அந்த எடைக் குறைவுக்கும், ஏற்கெனவே வெளிநாட்டில் குறைந்த பன்னிரண்டு பொட்டலங்களுக்கும் சேர்த்து நான் விளக்கம் தர வேண்டும் என்றும் கேட்டிருந்தது. பன்னிரண்டு பொட்டலங்கள் சோதனைக்கூடத்துக்குப் போயின என்று எழுதினேன். இரண்டு கிராம் எங்கே போயிற்று என்பதைத் தாங்கள் கண்ணாடியில் பார்த்தால் தெரியும் என்று எழுத நினைத்து, எழுதாமல் விட்டேன். இப்போது எழுதிவிட்டேன். மன்னிக்கவும்.

8. பிழைப்பு நின்றுபோகக் கூடாதே என்று ஜூன் மாதம் ஒரு சிறு சரக்கை விபூதி இல்லாமல் அதே நாட்டுக்கு அனுப்பினேன். எல்லம்மாளை அன்று விடுப்பில் இருக்கச் சொல்லிவிட்டு நானே கட்டு கட்டினேன். அங்கே துறைமுகத்தில் ஒரு கேள்வியும் இல்லை, மூன்றே நாளில் வெளியே வந்தது. நிம்மதியாக இருந்தேன். பத்து நாளில், அங்கே சந்தையில் கடை வைத்து எங்களிடம் மொத்தமாக வாங்கும் அம்மையாரிடமிருந்து கடிதம் வந்தது. சரக்கு போலி என்று திருப்பி அனுப்பப் போவதாக எழுதியிருந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனில் விசாரித்தபோதுதான் தெரிந்தது. எங்கள் லுங்கியைப் பார்த்து வேறு ஊர்களில் நெய்து, எங்கள் சீட்டையே எங்களைவிட நன்றாக அச்சடித்து ஒட்டி அந்தச் சந்தையில் விற்கிறார்கள். சீட்டை நம்பி ஏமாந்த கடைக்காரர்கள், கட்டுக்குள் கையை விட்டுச் செய்தித்தாள் பொட்டலம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பல ஆண்டுகளாக வாங்குகிறார்களாம். பொட்டலம் இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நல்லது என்று மட்டும் தெரியும். பிரிக்காமல் கல்லாப்பெட்டியில் போட்டு வைக்கிறார்கள்.

நான் காசு கொடுத்து வடிவமைத்த சீட்டை எவனும் நம்பவில்லை. எல்லம்மாளின் பொட்டலத்தை ஒரு சந்தையே நம்பியிருக்கிறது. இதை அவரிடம் சொன்னேன். “ஆங், பின்ன? தொறந்து பாக்காமயே தெரிஞ்சிகினு கீறாங்க பாருங்க” என்று சொல்லிவிட்டுக் கட்டு கட்டப் போய்விட்டார்.

ஆக என் தொழிலின் இன்றைய நிலை இதுதான். பொட்டலம் வைத்தால் அரசு வாங்காது. வைக்காவிட்டால் சந்தை வாங்காது.

9. இந்த நிலையில்தான் பத்தாவது நோட்டீஸ் வந்தது. திரும்பி வந்த லுங்கிகள் இங்கிருந்து போன அதே லுங்கிகள்தான் என்று எப்படி நம்புவது, சீட்டை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாமே என்று தங்கள் அலுவலகம் கேட்டது. நல்ல கேள்வி. இதையேதான் அந்தச் சந்தைக்காரர்களும் கேட்டார்கள், அதற்கு விடையும் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு கட்டிலும் எங்கள் கொட்டகைக்கு வரும் செய்தித்தாளில் மடித்த எங்கள் பொட்டலம் இருந்தது என்று பதில் எழுதினேன். அவற்றையெல்லாம் கட்டுகளிலிருந்து எடுத்துத் தனி அறையில் பூட்டி வைத்துவிட்டபடியால், அவை எந்தக் கட்டிலிருந்து வந்தவை என்று சொல்ல இயலாது என்று தங்கள் அலுவலகம் தெரிவித்தது.

10. பதினோராவது நோட்டீஸ்தான் என்னை இந்த மனுவை எழுத வைத்தது. அபாயகரமான முறையில் பொடி வைத்த பணியாளரை நீக்கி, நீக்கியதை எழுதிக் கொடுத்தால் சரக்கை விடுவிக்கலாம் என்றும், இல்லாவிட்டால் லுங்கிகளையும் பொடியையும் சேர்த்து எரித்துவிடுவோம் என்றும் அதில் இருக்கிறது. சாம்பலை எப்படி எரிப்பது என்று நான் கேட்கவில்லை. 4,800 லுங்கிகளை எரித்தால் வரும் சாம்பல் எந்த வகையில் சேரும், அதற்கு யாரிடம் சான்று வாங்குவது என்பதைத் தாங்கள் முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது என்று மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு டன்னுக்கு மேல் துணி இருக்கிறது. இந்த முறை சாம்பல் பூஜ்யத்தில் முடியாது.

அந்த லுங்கிகள் முப்பத்தொரு தறி வீடுகளின் நான்கு மாத உழைப்பு. ஜூலையில் ஒரு நாள் அவற்றைப் பார்க்க அனுமதித்தீர்கள். கிடங்கில் ஈரவாடை. கீழ் வரிசைக் கட்டுகளில் கை வைத்தால் சில்லென்றிருந்தது. அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. பொதட்டூர்பேட்டையில் எங்களுக்கு நெய்யும் முருகவேல் தினமும் போன் செய்வார். சரக்கு வந்துவிட்டதா என்று கேட்க மாட்டார். சௌக்கியமா அம்மா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

11. நோட்டீஸில் இருந்ததை நான் எல்லம்மாளிடம் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில் கணினி பார்க்கும் அனிதா அதை அவரிடம் காட்டியிருக்கிறாள். மறுநாள் காலை அவர் வழக்கம்போல வந்தார். மேசையைத் துடைத்தார். கயிறுகளை அளவாக வெட்டி வைத்தார். பிறகு என்னிடம் வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்வதாக அனிதாவிடம் சொல்லி எழுதி வாங்கி, கீழே தன் கையெழுத்தைப் போட்டிருந்தார். “என் ஒருத்தியால அவ்ளோ சரக்கு நிக்க வாணாம்மா. நீங்க நீக்க வாணாம், நானே போயிட்டதா எழுதிக்குங்க” என்றார். பதினொரு ஆண்டுகளில் அவர் என்னிடம் தந்த முதல் காகிதம் அது.

ஐயா, கேட்ட காகிதம் கையில் இருக்கிறது. அதை இந்த மனுவோடு இணைத்தால் நாளையே என் சரக்கு வெளியே வரும். தறி வீடுகளுக்குச் சொல்ல எனக்கு ஒரு நல்ல செய்தி இருக்கும். என் கணவர்கூட முந்தாநாள் வாயைத் திறந்து, கொடுத்துவிடு, பிறகு வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். இரண்டு இரவு யோசித்தேன்.

12. யோசித்ததில் தெரிந்தது இது. ஏற்றுமதிப் படிவத்தில் ஒரு வரி இருக்கிறது: கட்டினுள் வேறு பொருள் ஏதேனும் உண்டா. அதற்கு எதிரே இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டவர் எல்லம்மாள் அல்லர். நான். ஒன்பது ஆண்டுகளாக, ஒவ்வொரு சரக்குக்கும், உள்ளே இருப்பது தெரிந்தே இல்லை என்று எழுதினேன். எழுதினால் கேள்வி வரும், கேள்வி வந்தால் தாமதம் ஆகும் என்பதால் எழுதவில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எல்லம்மாள் எதையும் மறைக்கவில்லை. திறந்த மேசையில், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க வைத்தார். மறைத்தது என் கையெழுத்து.

எனவே பொறுப்பானவரை நீக்க வேண்டும் என்றால், நீக்கப்பட வேண்டியவர் இந்த நிறுவனத்தின் உரிமையாளர். அவரை நீக்கும் அதிகாரம் உள்ளவர் இந்த நிறுவனத்தில் யாரும் இல்லை. அதற்கென்று தங்களிடம் படிவம் இருந்தால் அனுப்பி வைக்கவும். மற்ற படிவங்களை நிரப்பிய கையால் அதையும் நிரப்பித் தருகிறேன்.

13. ஆகவே நான் வேண்டுவன:

பொய்யான அறிவிப்புக்குச் சட்டப்படி என்ன தண்டனையோ அதை என் பெயரில் விதித்து, லுங்கிகளை 28ஆம் தேதிக்கு முன் விடுவிக்க வேண்டும்.

எல்லம்மாள் பெயரைக் கோப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். அபாயகரமான முறையில் என்ற சொற்களையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும். அவருக்கு வாசிக்கத் தெரியும்.

பூட்டி வைத்த பொட்டலங்களைத் திருப்பித் தர வேண்டும். 117ஆம் எண்ணைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

விபூதிக்கென்று படிவத்தில் ஒரு வரி வேண்டும் என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அப்படி ஒரு வரி வந்தால் அதில் உண்டு என்று எழுதுவேன். மாட்டுக்குச் சான்று தயாராக இருக்கிறது, இரண்டு மொழிகளில்.

இதில் எதுவும் தங்களால் இயலாது என்றால், 28ஆம் தேதி எரிக்கும் இடத்தையும் நேரத்தையும் தெரிவிக்கவும். நானும் எல்லம்மாளும் முருகவேலும் வந்து நிற்கிறோம். நெய்தவர், கட்டியவர், பொய் எழுதியவர் மூவரும் பார்க்கட்டும். தங்கள் பதிலை எதிர்பார்த்து, என்றைக்கும்போலக் காத்திருப்பேன்.

இடம்: கே.ஜி.கண்டிகை
நாள்: 17.11.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சை. பிரேமகுமாரி

இணைப்புகள்:

1. திருவாலங்காட்டு மாட்டின் நலச் சான்று – ஒன்று.
2. நகரிப் பக்கத்து மாட்டின் நலச் சான்று, தெலுங்கில் – ஒன்று. அதன் தமிழாக்கம் – ஒன்று.
3. என் நிறுவனம் சாம்பல் எதுவும் வெளியேற்றவில்லை என்பதற்கான சான்று – ஒன்று.
4. வெளிநாட்டுத் துறைமுகத்தின் சோதனை அறிக்கை, நாய்கள் பற்றிய பத்தி கோடிட்டது – ஒன்று.
5. சந்தை அம்மையாரின் கடிதம் – ஒன்று.
6. எல்லம்மாளின் விலகல் கடிதம் – இணைக்கப்படவில்லை. அவர் முன்னிலையிலேயே கிழிக்கப்பட்டது.
7. விபூதி, ஒரு பொட்டலம், ஐந்து கிராம், விற்பனைக்கு அல்ல. மனுவை உறையிலிட்டு ஒட்டியவர் எல்லம்மாள். உறைக்குள் அவர் இதை வைத்ததை நான் பார்த்தேன். இந்த முறை அறிவித்துவிட்டேன்.